ஏழாம் நம்பர் ஜன்னல்

எங்கள் சமையலறை ஜன்னல் இரண்டு வருடமாகத் திறக்கவில்லை. கடுகு தாளித்தால் போதும், கூரையில் இருக்கும் புகை மணி அலறும். நான் ஸ்டூல் மேல் ஏறித் துண்டை வீசி அதை அடக்குவேன். போன அக்டோபரில் ஜன்னல் ஒழுகவும் ஆரம்பித்தது. மேற்கிலிருந்து மழை அடித்தால் இடது மூலையில் நீர் கசிந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் சொட்டும். தொட்டிக்குள்தானே சொட்டுகிறது என்று சில வாரம் விட்டுவைத்தேன். ஒருநாள் அந்த மூலையைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தால், டீயில் ஊறிய ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கியது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் தெற்கே, வாட்டர்ஃபோர்டு கவுண்டியின் மேற்குப் பக்கம், பிளாக்வாட்டர் ஆற்றுக்கு அருகில் இருக்கிறோம். வாடகைக்கு எடுத்திருப்பது ஒரு கேட் லாட்ஜ். பழைய எஸ்டேட்டுகளின் நுழைவாயிலை ஒட்டி, வாயில் காப்பவரின் குடும்பத்துக்காகக் கட்டிய குட்டி வீடு. வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கேட்டைத் திறப்பது அவர்கள் வேலை. அங்கிருந்து மரங்கள் அடர்ந்த பாதையில் கால் மணி நேரம் நடந்தால் எஜமானர் வீடு. இங்கே எல்லோரும் அதைப் ‘பெரிய வீடு’ என்றே சொல்வார்கள். அப்படியானால் நாங்கள் இருப்பது சின்ன வீடு என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

பெரிய வீடு இப்போது நான்கு சுவரும் ஐவிக் கொடியும்தான். 1919 முதல் 1923 வரை, விடுதலைப் போரிலும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரிலும், நாடு முழுக்க 250-க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. இந்த வீடு அந்தத் தீக்குத் தப்பியது, வரிக்குத் தப்பவில்லை. நிலத்தை லேண்ட் கமிஷன் என்ற அரசு அமைப்பு வாங்கிக் குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. நிலம் போன வீட்டை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? அன்றைக்குக் கூரை இருந்தால் உள்ளாட்சி வரி கட்ட வேண்டும், கூரை இல்லாவிட்டால் இல்லை. எனவே 1950-களில் ஸ்லேட்டும் ஈயத் தகடும் பிரித்து விற்கப்பட்டன. எங்கள் வீட்டுக்காரப் பெரியவர் அப்போது சிறுவன். வண்டி வண்டியாகப் போனதைப் பார்த்திருக்கிறார். லிமெரிக் பக்கம் டிரோமோர் கோட்டைக்கும் அதே பத்தாண்டுகளில் இதே கதிதான். 1860-களின் கடைசியில் எட்வர்ட் காட்வின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த மாளிகை அது. அவர் திட்டமிட்ட சுவரோவியங்களை ஈரம் விட்டுவைக்கவில்லை. நூறு வருடம்கூட முடியாமல் கூரையைப் பிரித்துவிட்டார்கள். இந்த நாட்டில் கட்டடத்துக்கு முதல் எதிரி ஈரம். என் ஜன்னல் கதையும் அதேதான்.

பெரியவர் முதலில் சொன்ன யோசனை பிளாஸ்டிக் ஜன்னல். விலையும் கேட்டு வைத்திருந்தார்: 900 யூரோ, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் லாட்ஜ் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டப்படி அதன் தன்மை மாறும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும்; ஜன்னலைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் வைப்பது அதில் நேராக மாட்டும். உள்ளதை உள்ளபடி பழுது பார்ப்பதற்கு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் எந்தெந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை என்று 57-ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டோம். உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவரும் கேட்கலாம். அதன் பிறகு பெரியவரிடம், “நானே பழுது பார்க்கிறேன், செலவை வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். நர்ஸ் வேலை பார்க்கும் கை. நாகர்கோவில் பக்கத்து ஆசாரி ஒருவரின் மகளுடைய கை அது என்று அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு அன்றிரவே வீடியோவில் காட்டினேன். அவர் ஐம்பது வருடம் கதவும் ஜன்னலும் செய்தவர். மேலே தூக்கித் திறக்கும் ஜன்னலைத் தொட்டதில்லை. பக்கத்துப் பெட்டிக்குள் கப்பியும் கயிறும் இரும்புக் குண்டும் இருக்கிறது என்றதும் நெற்றியைச் சுருக்கினார்.

“கிணத்துக்குக் கப்பி வைப்பாவ. ஜன்னலுக்கு எதுக்கு மக்களே கப்பி?”

விளக்கினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். சாஷ் என்பார்கள். ஒவ்வொரு சாஷின் இரு பக்கமும் ஒரு கயிறு, அது நிலையின் தலைப்பக்கம் இருக்கும் கப்பி வழியாகப் போய்ப் பெட்டிக்குள் தொங்கும் குண்டில் முடிகிறது. குண்டின் எடையும் சாஷின் எடையும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் விட்ட இடத்தில் நிற்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “தராசுல்லா இது” என்றார்.

ஆமாம், தராசு. அந்தச் சொல்தான் பிறகு ஒரு முடிச்சை அவிழ்த்தது.

பிப்ரவரியில் வேலையைத் தொடங்கினேன். மழைக்காலத்தில் ஜன்னலைக் கழற்றுவது புத்திசாலித்தனமல்ல. ஆனால் எனக்கு விடுப்பு அப்போதுதான் கிடைத்தது. முதல் நாள் முழுக்கப் பெயின்ட்டை வெட்டுவதிலேயே போனது. சாஷும் நிலையும் சேரும் இடமெல்லாம் பெயின்ட் அப்பி ஒரே பலகை போல ஆகியிருந்தது. கூரான கத்தியால் கோட்டைக் கீறிக்கொண்டே வந்து, சாஷை விழாமல் பிடித்திருக்கும் உள்பக்கத்து மெல்லிய மரப்பட்டையை, பீடிங் என்பார்கள், அகல உளியால் நெம்பி எடுத்தேன். கீழ் சாஷைப் பிடித்து நிறுத்தியிருந்தது பெயின்ட் மட்டுமல்ல. நான்கு இஞ்ச் ஆணிகள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. யாரோ வேண்டுமென்றே அடித்திருந்தார்கள்.

இங்கே முதல் தப்பு. கயிற்றை அறுப்பதற்கு முன் மறுமுனையை இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் நேராக அறுத்தேன். குண்டு பெட்டிக்குள் விழுந்த சத்தத்தில் பெரியவர் சம்பந்தமில்லாமல் தன் நாயைத் திட்டினார். அடுத்த மூன்று கயிறுகளையும் ஒழுங்காகக் கட்டிவைத்து, மெதுவாக இறக்கினேன். பெட்டியின் கீழ்ப்பகுதியில் குண்டை எடுப்பதற்கென்றே ஒரு சின்னப் பலகை மூடி இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. உள்ளே இழைப்புளிச் சுருள்கள், காய்ந்த குளவிக்கூடு, உடைந்த களிமண் சுங்கானின் தண்டு ஒன்று. சுருள்கள் இன்னும் சுருளாகவே இருந்தன.

ஓட்டையைப் பிளைவுட் போட்டு மூடிவிட்டு, இரண்டு சாஷ்களையும் கொட்டகைக்கு எடுத்துப் போனேன். சாஷுக்கு ஆறு கண்ணாடி, மொத்தம் பன்னிரண்டு. வெளிச்சத்தில் நிறுத்திச் சாய்த்துப் பார்த்தபோது பத்துக் கண்ணாடிகளில் நீர் அசைவது போல அலை தெரிந்தது. இரண்டு மட்டும் தட்டை, பின்னாளில் மாற்றியவை. அந்த அலை வளைந்து, பெரிய வட்டத்தின் ஒரு துண்டு போல ஓடியது. அது கிரௌன் கண்ணாடி. ஊதிய குமிழை இரும்புக் கோலின் நுனியில் வைத்துச் சுழற்றினால் அது விரிந்து தட்டாகும்; அந்தத் தட்டிலிருந்து வெட்டிய துண்டுகளில் வட்ட அலை இருக்கும். குழாயாக ஊதி, நீளவாக்கில் பிளந்து விரித்த கண்ணாடியில் அலை நேராக ஓடும். இங்கே எல்லாமே வட்டம்தான்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதைச் சோதிக்காமலே நம்பலாம். நான் சோதித்தும் பார்த்தேன், குச்சி உடனே சிவந்தது. எனவே உப்புத்தாள் போட்டு உலர் தேய்ப்பு கிடையவே கிடையாது. சூடான காற்றை ஊதும் கருவியும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சூடு மிஞ்சினால் ஈயப் புகை கிளம்பும், கண்ணாடியும் தெறிக்கும். நீராவிதான் சரி. சுவர்க் காகிதம் உரிக்கும் நீராவி இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கி, பிளைவுட்டில் ஒரு பெட்டி அடித்து, சாஷை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் அவித்தேன். வீட்டில் அதன் பெயர் இட்லிப் பெட்டி. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மக்கு கல்லாய் இறுகியிருந்தது; வேக வைத்த பிறகு மழுங்கிய கத்திக்கே தோலோடு உரிந்து வந்தது. முகமூடி, கையுறை, கீழே விரிப்பு, வேலை முடிந்ததும் துணி தனியாகத் துவைப்பு. நைட் டியூட்டி ஒழுக்கம் இங்கே கை கொடுத்தது.

இரண்டாவது தப்பும் இங்கேதான். நான்காவது கண்ணாடியைச் சூடாக எடுத்து, சில்லென்றிருந்த கல் திண்ணையில் வைத்தேன். டிங் என்று ஒரு சத்தம், மூலைக்கு மூலை ஒரு கோடு. ஊதியவர் யாரோ, ஏற்றி வந்தவர் யாரோ, எத்தனையோ தலைமுறை தாங்கிய கண்ணாடி என் கையில் போனது. அன்று மேற்கொண்டு எதையும் தொடவில்லை. மறுநாளிலிருந்து பழைய போர்வையை மடித்து அதன் மேல் வைத்தேன்.

எல்லாக் கண்ணாடியையும் எடுத்தபின் மரம் பேசத் தொடங்கியது.

முதலில், கொம்பு இல்லை. மேல் சாஷின் பக்கச் சட்டங்கள், நடுவில் இரண்டு சாஷும் சந்திக்கும் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிச் சிறிது கீழே நீண்டு, வளைவாகச் செதுக்கப்பட்டிருந்தால் அதைக் கொம்பு என்பார்கள். கனமான கண்ணாடி வந்த பிறகு மூட்டுக்குப் பலம் சேர்க்க வைத்தது அது. கண்ணாடி ஏன் கனமானது என்பதற்குப் பின்னால் வரி இருக்கிறது. கண்ணாடி உற்பத்திக்கு எடையைக் கணக்கிட்டு வரி போட்டார்கள். 1825-இல் அயர்லாந்துக்கும் அது வந்தது. எடைக்கு வரி என்றால் மெல்லிய கண்ணாடிதான் லாபம், மெல்லிய கண்ணாடி என்றால் சின்னச் சின்னக் கட்டங்கள். 1845-இல் வரியை எடுத்தார்கள். அதன் பிறகு ஒரு சாஷுக்கு ஒன்றோ இரண்டோ பெரிய கண்ணாடி போடுவது நாகரிகமாயிற்று. 1851-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ், கிட்டத்தட்ட 3 லட்சம் கண்ணாடிகளுடன் எழுந்ததும் வரி போனதால்தான். அதை வடிவமைத்த ஜோசஃப் பாக்ஸ்டன் அதே பத்தாண்டுகளில் எங்களுக்குப் பக்கத்து ஊரான லிஸ்மோரில் டெவன்ஷயர் கோமகனின் கோட்டையையும் திருத்திக் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலத்திலிருந்து அது தெரியும்.

சரி, கொம்பு இல்லை, மெல்லிய இடைச்சட்டங்கள், கிரௌன் கண்ணாடி. ஜன்னல் 1845-க்கு முன்னால் செய்தது என்று தோன்றியது. ஆனால் வீடு? 1840 வாக்கில், மைலுக்கு ஆறு இஞ்ச் என்ற கணக்கில் வரைந்த அளவை வரைபடத்தில் இந்த மூலையில் வெறும் மரங்கள்தான். அடுத்து, வரிக்காக நிலத்தையும் வீடுகளையும் கணக்கெடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில் லாட்ஜ் இருக்கிறது. ஆக 1840-களில் எப்போதோ கட்டியது. நூலிழை வித்தியாசம்தான், இரண்டும் ஒரே காலமாகக்கூட இருக்கலாம். கொம்பை மட்டும் வைத்து வயது சொல்வது பல்லைப் பார்த்து மாட்டுக்கு வயது சொல்வது போல; ஓரளவுக்குத்தான் சரி.

இரண்டாவதாக, அளவு ஒத்துவரவில்லை. நடுக் கண்ணாடிகள் 24 சென்டிமீட்டர் அகலம், இரு ஓரத்துக் கண்ணாடிகள் 17. இவ்வளவு நறுவிசாக இடைச்சட்டம் செதுக்கிய ஆள் மூன்று கண்ணாடியைச் சமமாகப் பிரிக்கத் தெரியாதவராக இருப்பாரா? மூலை மூட்டுகளைப் பார்த்தேன். இடைச்சட்டங்களின் நடுவில் இருக்கும் கழுந்துகள், அதாவது ஒரு மரம் இன்னொன்றின் துளைக்குள் நுழையும் முனைகள், நூல் பிடித்தது போல. குறுக்குச் சட்டங்களின் இரு முனையில் இருக்கும் கழுந்துகளோ அவசரத்தில் வெட்டியவை, ஆப்பு அடித்து இறுக்கியவை. அப்பாவுக்குக் காட்டினேன்.

“இது ரெண்டு கை வேலை மக்களே. ஒருத்தன் செஞ்சிருக்கான், இன்னொருத்தன் குறைச்சிருக்கான்.”

மூன்றாவதாக, குண்டு. ‘தராசு’ ஞாபகம் வர, கண்ணாடியை எடுக்கும் முன்பே குளியலறை எடைக் கருவியை எடுத்து வந்திருந்தேன். கீழ் சாஷ் கண்ணாடியோடு இருந்தபோது எடுத்த எடை 5.8 கிலோ. அதன் இரண்டு குண்டும் தலா 3.3, சேர்த்தால் 6.6. கீழ் சாஷுக்குக் குண்டு கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் மூடினால் மூடியபடி இருக்கும். இங்கே 800 கிராம் அதிகம். மூடினாலும் தானாக மேலே ஏறப் பார்த்திருக்கும். அந்த ஆணி இரண்டும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. இரவில் தானாகத் திறந்துகொள்ளும் ஜன்னலோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஒரு குடும்பம். சாஷ் இப்போது 68 சென்டிமீட்டர் அகலம். ஓரக் கண்ணாடிகளும் 24-ஆக இருந்தால் 82 வரும். 82 சென்டிமீட்டர் சாஷுக்கு அந்தக் குண்டுகள் சரியாக இருக்கும்.

நான்காவது தடயம் கடைசியில்தான் கிடைத்தது. சந்திக்கும் குறுக்குச் சட்டத்தின் மேல்முகத்தில் பெயின்ட்டை உரித்தபோது உளியால் கீறிய குறி ஒன்று: ஒரு கவட்டை, பக்கத்தில் இரண்டு கோடு. ரோமன் ஏழு. எந்த சாஷ் எந்த நிலைக்கு என்று குழம்பாமல் இருக்கத் தச்சர்கள் போடும் எண். இந்த லாட்ஜுக்கு மொத்தமே நான்கு ஜன்னல்.

ஏழு ஜன்னலாவது இருந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது இது. நான் நினைப்பது இதுதான்: வரி போனதும் எஜமானர் பெரிய வீட்டின் ஜன்னல்களைப் புதுப் பாணியில் பெரிய கண்ணாடிக்கு மாற்றியிருக்கிறார். கழற்றிய பழைய சாஷ்களை எஸ்டேட் தச்சர் இங்கே கொண்டுவந்து, அகலம் குறைத்து, குண்டை மாற்றாமல் மாட்டியிருக்கிறார். காலத்தைக் கவனித்தால் அது பஞ்சத்தின் வருடங்கள். உருளைக்கிழங்கு அழுகிப்போய் நாட்டில் சுமார் 10 லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்தபோது மேலே ஜன்னல் மாற்றும் வேலை நடந்திருக்கிறது. கூலி கிடைத்தவர்களுக்கு அது சோறு என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

லாட்ஜின் முன்பக்கத்தைப் பார்த்தால் இப்படிச் சந்தேகப்படவே தோன்றாது. சாலையைப் பார்த்த பக்கம் கூரான கோதிக் வளைவு, செதுக்கிய மர விளிம்பு, வைரக் கட்டக் கண்ணாடி. வண்டியில் வரும் விருந்தாளி பார்ப்பதற்கு. பின்பக்கம், குடும்பம் வாழும் பக்கம், கை மாறி வந்த சரக்கு. கேட்டில் காட்டும் ஜம்பம் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. கப்போகுயின் தாண்டி டிரோமானா எஸ்டேட்டின் வாயிலில் வெங்காயக் கும்பமும் ஸ்தூபிகளுமாக ஒரு கேட் நிற்கிறது. இங்கே அதை ‘இந்து-கோதிக்’ என்கிறார்கள். 1826-இல் கல்யாணம் முடித்து வந்த எஜமானரையும் மனைவியையும் வரவேற்கப் பந்தல் போல அமைத்தது, பிடித்துப்போய்ப் பின்னர் கல்லில் நிரந்தரமாகக் கட்டியது. முதல் முறை காரில் போகும்போது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எந்தக் கோயிலிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. லிஸ்மோருக்கு மறுபக்கம் பாலிசாகர்ட்மோரில் இன்னும் விசேஷம். கோட்டை போன்ற இரட்டை லாட்ஜ், கோபுரங்கள் வைத்த பாலம் எல்லாம் கட்டிவிட்டு, பணம் தீர்ந்துபோய், கோட்டையை மட்டும் கட்டவே இல்லை. பஞ்சத்தில் குடியானவர்களை வீட்டை விட்டுத் துரத்தியதற்காகத்தான் அந்தக் குடும்பத்தை இங்கே இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

திரும்ப வேலைக்கு வருகிறேன். உளுத்த மூலை ஏன் உளுத்தது என்பது முக்கியம். மரம் பழசானதால் அல்ல. சில வருடங்களுக்கு முன் யாரோ ஒரு ஒப்பந்தக்காரர் வந்து ‘சரி செய்திருக்கிறார்’: சாஷுக்கும் ஜன்னலடிக் கல் படிக்கும் நடுவில் சிலிக்கான், உடைந்த படிக்குச் சிமென்ட், மேலே பிளாஸ்டிக் போன்ற பெயின்ட். முன்பு மழைநீர் உள்ளே போனாலும் காய்ந்து வெளியேற வழி இருந்தது. அவர் அந்த வழியை அடைத்துவிட்டார். உள்ளே போன நீர் உள்ளேயே நின்றது. பெயின்ட் இல்லாமல் கிடந்திருந்தால்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது என்பது என் கருத்து.

கீழ்ச்சட்டத்தின் இடதுபக்கம் 20 சென்டிமீட்டரும் பக்கச் சட்டத்தின் அடியில் 12 சென்டிமீட்டரும் போயிருந்தன. மீதி அசல் மரம், இரும்பு போல. வளைய எண்ணிக்கையைப் பார்த்தேன்: ஒரு சென்டிமீட்டரில் எட்டு வளையம். மரக்கடையில் விற்கும் புதுப் பைன் பலகையில் இரண்டு, மூன்றுதான். குளிர்நாட்டில் நிதானமாக வளர்ந்த மரம் அது, இங்கே ‘ரெட் டீல்’ என்பார்கள். அதையே தேடி, பழைய சாமான் விற்கும் யார்டில் ஒரு தரை உத்திரத் துண்டு 15 யூரோவுக்கு வாங்கினேன். ஆணி பிடுங்கவே ஒரு மாலை போனது.

அவித்த மரம் காய வேண்டும். இந்த ஊர் வீடுகளில் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்கு ‘ஹாட் பிரஸ்’ என்று பெயர். வந்த புதிதில் அது இஸ்திரி போடும் ஏதோ இயந்திரம் என்று நினைத்திருந்தேன். துண்டு, போர்வையெல்லாம் வெளியே வர, பிரித்த சட்டங்கள் மூன்று வாரம் அங்கே குடியிருந்தன. ஈரமானி 16 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் உளியைத் தொட்டேன். என் கணவர் அந்த மூன்று வாரமும் ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

உளுத்ததை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வேறு மரத்தை ஒட்டுப் போடும்போது வெட்டு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் நான் குழம்பினேன். பக்கத்து ஊர் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் வந்து பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார்: ஒட்டுக் கோடு வெளிப்பக்கம் கீழே சாய வேண்டும், அப்போது நுழையும் நீரும் தானாக வெளியே வழியும். உள்பக்கம் சாய்ந்தால் நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. வெட்டு மரத்தின் தடிமனைப் போல மூன்று மடங்கு நீளம். அப்பா சொன்னதும் அதேதான், வேறு வார்த்தையில். இருவரையும் வீடியோவில் பேச வைத்தேன். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. என் உளியின் முனையைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள். தீட்டினேன்.

முதல் ஒட்டு சரியில்லை, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பசையால் நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். “நெரப்பாதே. வெட்டித் தூரப் போடு” என்றார் அப்பா. இரண்டாவது உட்கார்ந்தது. கொட்டாப்புளியால் இரண்டு தட்டு, கிளாம்ப், ஒரு நாள்.

அப்புறம் மக்கு. சுண்ணாம்புக்கல் மாவும் ஆளி விதை எண்ணெயும் சேர்த்தது. கடையில் வாங்கியதுதான், ஆனால் சப்பாத்தி மாவு போல உள்ளங்கைச் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாத பதம். மரத்தில் முதலில் எண்ணெய் பூசாவிட்டால் காய்ந்த மரம் மக்கிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு வெடிக்கும். மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பில் கத்தியை இழுக்க வேண்டும். பன்னிரண்டாவது கண்ணாடியில்தான் அது வந்தது. அந்த ஒன்றை மட்டும் யாராவது பார்த்தால் எனக்குத் திருப்தி. உடைந்த கண்ணாடிக்குப் பதில் யார்டில் இன்னொரு பழைய ஜன்னலிலிருந்து வெட்டிப் போட்டேன். அதில் அலை நேராக ஓடுகிறது, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருண்ட துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே கல் மேல் காயப் போட்டுவிட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

பெயின்ட்டும் ஆளி எண்ணெய்ப் பெயின்ட்தான். டப்பாவில் ஒரு நாளில் காயும் என்று போட்டிருந்தது. வாட்டர்ஃபோர்டு மார்ச்சில் நான்கு நாள். மூன்று பூச்சு. அதற்குள் படியிலிருந்த சிமென்ட்டையும் சிலிக்கானையும் சுரண்டி, கல் விரிசலில் சுண்ணாம்புக் காரை வைத்தேன்.

கயிறு மெழுகு தடவிய பருத்திக் கயிறு, எட்டு மீட்டர். கப்பிகளை மண்ணெண்ணெயில் ஊற வைத்ததும் அடியில் பித்தளை மின்னியது. குண்டு விஷயத்தில் பழைய தச்சரின் கணக்கைத் திருத்தினேன். மேல் சாஷ் 5.9 கிலோ, அதற்குக் குண்டு சற்று அதிகம் இருந்தால் நல்லது, மேலேயே நிற்கும். அதனால் 3.3 ஜோடி அங்கேயே இருக்கட்டும். கீழ் சாஷுக்கு யார்டில் 2.8 கிலோ ஜோடி கிடைத்தது. கழற்றிய குண்டு இரண்டும் இப்போது கொட்டகைக் கதவை நிறுத்திவைக்கப் பயன்படுகின்றன.

மொத்தச் செலவு 240 யூரோ. நேரம் 70 மணி நேரத்துக்கு மேல் எண்ணவில்லை.

மாட்டிய அன்று கீழ் சாஷை ஒரு விரலால் தூக்கினேன். ஏறியது. பாதியில் விட்டேன். நின்றது. அப்பாவுக்குக் காட்ட நான்கு தடவை ஏற்றி இறக்கினேன். “கிணறு மாதிரி சத்தமே இல்லையே” என்றார், சற்றே ஏமாற்றமாக. அந்த வாரம் மேற்குக் காற்றோடு நல்ல மழை. படியில் நீர் நின்று, வெளிப்பக்கமே வழிந்து போனது. காற்று பலமாக அடித்தால் மேல் சாஷ் லேசாகக் கடகடக்கிறது. அதற்கு ஒரு பீடிங் மாற்ற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு பெரிய வீட்டுக்கும் போனேன். தரைத்தளத்து ஜன்னல் ஓட்டைகள் மிகப் பெரியவை, பொருந்தவில்லை. மேல்தளத்தில் அளவு சரியாக இருக்கும் போலத் தெரிந்தது. ஆனால் எட்டாத உயரம், தரையும் இல்லை, சுவர் நம்பும்படியும் இல்லை. வயலில் காளை வேறு. திரும்பி வந்து, படுக்கையறை ஜன்னலின் குறுக்குச் சட்டத்தில் ஈரத் துணியை வைத்து ஓரிடத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டினேன். நான்கு கோடு. அதிலும் ஓரக் கண்ணாடி 17 சென்டிமீட்டர்தான். இட்லிப் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.